மூன்று நாளில் கோல்ஃப் வருமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 41. கோல்ஃப் கிளப்பைக் கையால் தொட்டதுகூட இல்லை. மூன்று நாள், தினமும் நான்கு மணி நேரம் என்று ஒரு தீவிரப் பயிற்சி வகுப்பில் சேரலாமா என்று யோசிக்கிறேன். மூன்று நாளில் ஏதாவது வருமா, இல்லை பணம் போனதுதான் மிச்சமா?

பதில்: ஆட்டம் வராது, அஸ்திவாரம் வரும். தாராளமாகச் சேருங்கள். ஆனால் எதற்காகப் போகிறீர்கள் என்பதில் தெளிவாக இருங்கள். பந்தைத் தூரமாக அடிக்க வேண்டும் என்ற ஆசையோடு வந்து, முதல் நாள் காலையிலேயே மிக நீளமான கிளப்பான டிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பந்து அசைவதற்கு முன்னால் நடக்கிற விஷயங்கள் இருக்கின்றனவே, கிளப்பை எப்படிப் பிடிப்பது, கால்களை எவ்வளவு அகட்டி நிற்பது, இடுப்பிலிருந்து எவ்வளவு குனிவது, பந்து எந்தப் பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும், எதைப் பார்த்து நிற்பது, இந்த ஐந்தையும் ஒருவர் பக்கத்தில் நின்று, கையைப் பிடித்துத் திருத்திச் சொல்லித்தர வேண்டும். வீடியோவைப் பார்த்து இது வராது. நேராக நிற்கிறோம் என்று நாம் நினைக்கும்போது கோணலாகத்தான் நிற்போம், அது நமக்கே தெரியாது என்பதுதான் சிக்கல். இந்த ஐந்தும் படிந்துவிட்டால் மூன்று நாள் வீண் போகவில்லை.

இன்னொன்று. வகுப்பின் அட்டவணையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அதில் கிரீனில் (குழி இருக்கும் வழவழப்பான புல்பரப்பு) செலவிடும் நேரம், அதாவது பந்தை உருட்டிக் குழியில் தள்ளும் பட்டிங்கும், கிரீனுக்குப் பக்கத்திலிருந்து மெல்லத் தூக்கிப் போடும் சிப்பிங்கும், மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல ஆட்டக்காரர் எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்ற அளவுதான் பார். ஒரு குழிக்கு இரண்டு பட்டிங் என்று வைத்துத்தான் அந்தக் கணக்கே போடுகிறார்கள். முழு ஆட்டத்தின் 18 குழிக்கு 36. பார் 72 உள்ள மைதானத்தில் இது சரிபாதி. பாதி ஆட்டம் அங்கே இருக்க, பன்னிரண்டு மணி நேரத்தையும் தூர அடி பழகும் டிரைவிங் ரேஞ்சில் நின்று பந்தடித்தே கழிக்க வைக்கும் வகுப்பு என்றால் நான் சேர மாட்டேன்.

கேள்வி: வகுப்பில் சொல்லித்தந்த பிடி எனக்குச் சுத்தமாகச் சரிப்படவில்லை. கை எதையோ தப்பாகப் பிடித்திருப்பது போலவே இருக்கிறது. எனக்கு வசதியாக மாற்றிப் பிடித்தால் பந்து நன்றாகவே போகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குறுகிய வகுப்பு முடித்தவர்கள் முதலில் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

சுத்தியல், கிரிக்கெட் மட்டை, விளக்குமாறு, எதைப் பிடித்தாலும் உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்துப் பழகிய கை நம்முடையது. கோல்ஃபில் கிளப் விரல்களில் உட்கார வேண்டும். வலக்கை ஆட்டக்காரர் என்றால் இடது கை மேலே. கிளப்பின் பிடி, ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் தொடங்கிச் சாய்வாகப் போய்ச் சுண்டுவிரலின் அடியில் முடிய வேண்டும், அதன்மேல் உள்ளங்கையின் அடிச்சதை படிய வேண்டும். இப்போது குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு விரல் முட்டிகள் தெரியும். ஒன்றுகூடத் தெரியவில்லை என்றால் கை இடப்பக்கம் அதிகமாகத் திரும்பியிருக்கிறது, நான்கும் தெரிந்தால் வலப்பக்கம் அதிகம். அப்புறம் வலது உள்ளங்கையின் ஆயுள் ரேகை இடது கட்டைவிரலை மூடிக்கொள்ள வேண்டும். வலது சுண்டுவிரலை இடது ஆள்காட்டி விரல்மேல் ஏற்றி வைப்பதா, இரண்டையும் கோத்துக்கொள்வதா, பத்து விரலும் கிளப்பில் இருக்கட்டுமா என்பது கையின் அளவைப் பொறுத்தது. ஏற்றி வைக்கும் பிடிக்கு ஹாரி வார்டன் பெயர். பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை ஆறு முறை வென்ற ஆட்டக்காரர். கோத்துப் பிடித்த ஜாம்பவான்கள் ஜாக் நிக்லஸும் டைகர் வுட்ஸும். ஆகவே இதில் சண்டை வேண்டாம்.

இறுக்கம் எவ்வளவு? சின்னக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடப்பது போல. நழுவவும் கூடாது, வலிக்கவும் கூடாது.

உங்கள் பிடி சரியா என்பதைக் கையுறையே சொல்லிவிடும். என்னிடம் வந்த ஒருவர், பிடி சரியாகத்தான் இருக்கிறது என்று சாதித்தார். கையுறையைக் கழற்றித் தரச் சொல்லித் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டுவிரல் பக்கம், தோல் தேய்ந்து ஒரு சின்ன ஓட்டை. கிளப் உள்ளங்கையில் கிடந்து ஒவ்வொரு அடியிலும் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பிடியை விரலுக்கு இறக்கினோம், அடுத்த கையுறையில் அந்த இடம் தேயவில்லை. நீங்களும் உங்கள் கையுறையைப் பாருங்கள்.

உங்கள் வசதியான பிடியில் இப்போது பந்து நன்றாகப் போகிறது என்கிறீர்கள். போகும்தான். கோணலான பிடிக்கு ஏற்றபடி உடம்பும் எங்கோ ஒரு கோணலைப் போட்டுச் சரிக்கட்டிவிடும். அன்றைக்குச் சரியாக இருக்கும், மறுநாள் இருக்காது. புதுப் பிடி பழகுவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை பந்தே வேண்டாம், வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு கிளப்பை எடுப்பது, பிடிப்பது, விடுவது, மறுபடி பிடிப்பது, இதை ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் செய்யுங்கள், போதும்.

கேள்வி: முதல் நாள் ஓரளவு அடித்தேன். இரண்டாம் நாள் எல்லாமே போய்விட்டது. பந்தின் தலையில் தட்டுகிறேன், தரையோடு உருண்டு போகிறது. இல்லையென்றால் பந்தைத் தொடுமுன்பே மண்ணில் குத்துகிறேன். அழுகையே வந்துவிட்டது. எனக்கு இது வராதா?

பதில்: வரும். இரண்டாம் நாள் எல்லோருக்கும் விழுகிற நாள்தான், அதற்குக் காரணமும் உண்டு. முதல் நாள் ஒன்றும் தெரியாது, உடம்பு தன் போக்கில் அடித்தது. இரண்டாம் நாள் தலைக்குள் ஐந்தாறு கட்டளைகள், அதோடு முதுகும் முன்கையும் களைத்திருக்கும். களைத்த கை இறுகும், இறுகிய கை கிளப்பை மேலே இழுக்கும், பந்தின் தலையில்தான் படும்.

ஆனால் அசல் பிழை ஒன்று இருக்கிறது. பந்தை நாம் தூக்கிவிட வேண்டும் என்று நினைக்கிறோம். பந்து கீழே கிடக்கிறது, மேலே போக வேண்டும், அதனால் அடியில் கிளப்பைக் கொடுத்து வாரி எடுக்கப் பார்க்கிறோம், உடம்பின் எடை பின்காலிலேயே தங்கிவிடுகிறது. தூக்கும் வேலை உங்களுடையது இல்லை. கிளப்பின் முகம் ஏற்கெனவே சாய்வாகத்தான் செய்யப்பட்டிருக்கிறது, இரும்புத் தலை கிளப்புகளில் (அயர்ன்) நடுத்தரமான செவன் அயர்னில் அது கிட்டத்தட்ட 30 டிகிரி. நீங்கள் கீழ்நோக்கி அடித்தாலும் பந்து மேலேதான் போகும். அயர்னில் கிளப் முதலில் பந்தைத் தொட வேண்டும், அதற்குப் பிறகுதான் புல்லை. கிளப் வீசும்போது போடும் வட்டத்தின் மிகத் தாழ்வான இடம் பந்தைத் தாண்டி, இலக்குப் பக்கமாக, நாலைந்து விரற்கடை தள்ளி இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு பயிற்சி. புல்தரையில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போடுங்கள். பந்து வேண்டாம். கோட்டை இரு பாதங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, அரை வீச்சு மட்டும் வீசுங்கள், கை இடுப்புயரத்துக்கு மேல் போக வேண்டாம். புல் பெயர்ந்த இடம் கோட்டில் தொடங்கி இலக்குப் பக்கம் போயிருந்தால் சரி. கோட்டுக்குப் பின்னால் இருந்தால், வீச்சு முடியும்போது எடை முன்காலுக்கு வரவில்லை. முடிக்கும்போது பின்காலை லேசாகத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், விழாமல் நிற்க முடிந்தால் எடை வந்திருக்கிறது. பத்து முறை கோட்டில் பட்ட பிறகு கோட்டின்மேல் ஒரு பந்தை வையுங்கள். அதே வீச்சு, வேறு எதையும் நினைக்காதீர்கள். பந்து எழும்பும்.

செயற்கைப் புல் விரிப்பில் மட்டும் பழகுபவர்கள் கவனிக்க வேண்டும்: அங்கே பந்தைத் தொடுமுன்பே தரையில் பட்டாலும் கிளப் வழுக்கிப் போய்ப் பந்தை அடித்துவிடும், பிழை தெரியாது. பந்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். துண்டில் பட்டால் பிழை.

மூன்றாம் நாள் காலையில், உடம்பு தூங்கி எழுந்த பிறகு, முந்தின நாள் வராதது தானாக வருவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அழ வேண்டாம், அன்றைக்கு அரை மணி நேரம் முன்னதாகவே நிறுத்திவிட்டுப் போய்ப் படுங்கள்.

கேள்வி: நான் அடிக்கிற பந்து எல்லாம் வலப்பக்கமாக வளைந்து போகிறது. அதனால் இடப்பக்கம் பார்த்து அடித்தேன். இன்னும் மோசமாக வளைகிறது. ஏன்?

பதில்: பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் கிளப்பின் முகம் தீர்மானிக்கிறது. எந்தப் பக்கம் வளைகிறது என்பதைத் தீர்மானிப்பது, முகத்துக்கும் கிளப் வந்த பாதைக்கும் உள்ள வித்தியாசம். நீங்கள் இடப்பக்கம் திரும்பி நின்றால் பாதை இன்னும் இடப்பக்கம் போகும், ஆனால் முகம் பழையபடி இலக்கைத்தான் பார்க்கும். வித்தியாசம் கூடுகிறது, வளைவும் கூடுகிறது. முதலில் பிடியைப் பாருங்கள், மேலே சொன்ன இரண்டு முட்டிகள் தெரிகின்றனவா என்று. அப்புறம் ஒரு கிளப்பைத் தரையில் கால்விரல் நுனிகளுக்கு முன்னால், இலக்கை நோக்கிய கோட்டுக்கு இணையாகப் போட்டு, பாதம், முழங்கால், தோள் மூன்றும் அதற்கு நேராக இருக்கும்படி நில்லுங்கள். பாதத்தைச் சரியாக வைத்துவிட்டுத் தோளை மறந்துவிடுவார்கள், தோள்தான் முக்கியம்.

கேள்வி: வகுப்புக்கு முன்பே கிளப் செட் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். விதிப்படி 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம், மூன்று நாளுக்கு உங்களுக்குத் தேவை மூன்றுதான்: செவன் அயர்ன், பிட்சிங் வெட்ஜ் (குறைந்த தூரத்துக்குப் பந்தை உயரத் தூக்குவது), பட்டர் (பட்டிங்குக்கானது). மூன்றையும் பயிற்சி இடத்திலேயே தருவார்கள். உங்கள் உயரமும் வீச்சின் வேகமும் தெரிந்த பிறகு வாங்கினால் கம்பியின் நீளமும் வளைவும் சரியாக அமையும். கையுறை மட்டும் சொந்தமாக வாங்குங்கள், தோல் போல ஒட்டி இருக்க வேண்டும்.

கேள்வி: 58 வயது, லேசான முதுகுவலி உண்டு. மூன்று நாள் தொடர்ந்து தாங்குமா?

பதில்: மருத்துவரைக் கேட்டுவிட்டு, தொடர்ந்து மூன்று நாள் என்பதை வாரத்துக்கு ஒரு நாளாகப் பிரித்துத் தர முடியுமா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். முன்காலின் பாதத்தை இலக்குப் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்தால் இடுப்பு எளிதாகச் சுழலும், முதுகுக்கும் முழங்காலுக்கும் சுமை குறையும். முழங்கையின் உட்புறம் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், பொறுத்துக்கொண்டு அடிக்கவே கூடாது.

கேள்வி: வகுப்பு முடிந்து ஒரு மாதம் ஆகிறது. கற்றதில் பாதி மறந்துவிட்டது. பணம் கட்டி மறுபடியும் அதே வகுப்புக்குப் போகலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ஒரே மூச்சில் நிறையப் பழகினால் அந்த இடத்திலேயே நன்றாக வருகிற மாதிரி இருக்கும், ஆனால் தங்காது. இடைவெளி விட்டுப் பழகியது தங்கும். வாரத்தில் ஒரு நாள் 200 பந்து அடிப்பதைவிட, நான்கு நாள் 40 பந்து நல்லது. அந்த நாற்பதையும் ஒரே கிளப்பால் அடிக்காதீர்கள். ஒன்று செவன் அயர்ன், அடுத்தது வெட்ஜ், அடுத்தது வேறு இலக்கு. மைதானத்தில் ஒரே அடியை இருபது முறை அடிக்க யாரும் விடப்போவதில்லை, ஒவ்வொன்றும் புதிது, அதற்குத்தான் பழக வேண்டும். தொடர்ச்சியாக நன்றாக வராது, மனம் சோரும், பரவாயில்லை.

பட்டிங்கை வீட்டுக்குள்ளேயே பழகலாம். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், பந்து கிட்டத்தட்ட 43. பத்து அடி தூரத்தில் முகம் ஒரு டிகிரி திரும்பினால் பந்து இரண்டு அங்குலம் விலகும், குழியின் ஓரத்தைப் பிடித்து விழக்கூட வாய்ப்பிருக்கிறது. அதனால் புதிதாக ஆடுபவருக்கு நீண்ட பட்டிங்கில் திசையைவிடத் தூரம்தான் பெரிய தலைவலி. ஒரு நாணயத்தைத் தரையில் வைத்து, பந்து அதைக் கடந்து ஒரு முழத்துக்குள் நிற்கும்படி தள்ளிப் பழகுங்கள்.

ஒரு மாதம் இப்படிச் செய்துவிட்டு, அதே பயிற்சியாளரிடம் ஒரே ஒரு மணி நேரம் மட்டும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மைதானத்துக்குப் போகவே பயமாக இருக்கிறது. பின்னால் வருபவர்கள் காத்திருப்பார்களே.

பதில்: மோசமாக அடிப்பவரை யாரும் வெறுப்பதில்லை, நேரத்தை இழுப்பவரைத்தான் பிடிக்காது. உங்கள் முறை வந்தால் 40 விநாடிக்குள் அடியுங்கள். தொலைந்த பந்தைத் தேட விதி தரும் நேரம் 3 நிமிடம், 2019க்கு முன் அது 5. பந்து ஆட்கள் பக்கம் போனால் கூச்சப்படாமல் ‘ஃபோர்’ என்று (கோல்ஃபில் அதுதான் எச்சரிக்கைக் குரல்) உரக்கக் கத்துங்கள். பங்கரில் (மணல்குழி) கலைந்த மணலைச் சமன் செய்துவிட்டு வாருங்கள், கிரீனில் உங்கள் பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்யுங்கள். முதல் தடவை 18 வேண்டாம், மாலையில் கூட்டம் குறைந்த பிறகு ஒன்பது குழி ஆடுங்கள்.

கேள்வி: நான் இடக்கைக்காரன். வலக்கையிலேயே கற்றுக்கொள் என்கிறார்கள்.

பதில்: இரண்டு கையிலும் பந்தில்லாமல் பத்துப் பத்து வீச்சு வீசிப் பாருங்கள், எது இயல்பாக வருகிறதோ அது. மற்ற எல்லாவற்றிலும் வலக்கைக்காரரான ஃபில் மிக்கெல்சன் கோல்ஃபை மட்டும் இடக்கையில் ஆடி மிகப் பெரிய போட்டிகளான மேஜர்களில் ஆறு பட்டங்கள் வென்றார். பதிவு செய்யும்போதே இடக்கை கிளப் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், எல்லா இடத்திலும் இருக்காது, முதல் நாள் காலையில் போய்க் கேட்டால் அந்த நான்கு மணி நேரம் வீணாகிவிடும்.