சோலார் ரேஸ் காரில் வெயில் நன்றாக அடிக்கும்போது விரட்டி ஓட்டுவதுதானே சரி?

வெயிலில் விரட்டிவிட்டு மேகம் வந்தால் மெதுவாகப் போகலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் கார் கட்டியபோது நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அது தப்பு.

எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டினம். போச்சம்பள்ளி பக்கம் மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு நேர் சாலையில்தான் ஓட்டிப் பார்ப்போம். பின்னால் வேனில் லேப்டாப்போடு உட்கார்ந்து வேகம் சொல்வது என் வேலை. ஒருநாள் உச்சி வெயிலில் மணிக்கு 75 கிலோமீட்டர் வரை விரட்டச் சொன்னேன். இரண்டரை மணிக்கு மேற்கே மேகம் கட்டியது. வாக்கி டாக்கியில் கார் ஓட்டிய தம்பியின் குரல்: "அண்ணா, முப்பதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது." பேட்டரி காலி. அடுத்த வாரம் அதே சாலை, அதே மாதிரி மேகம். காலையிலிருந்து 55-ஐ விட்டு அசையாமல் ஓட்டினோம். போன வாரத்தைவிட அதிக தூரம் போய், பேட்டரியில் மிச்சமும் வைத்துத் திரும்பினோம்.

காரணம் காற்று. வேகம் இரட்டிப்பானால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் வாட் எட்டு மடங்காகும். ஒரு மணி நேரம் 90-லும் ஒரு மணி நேரம் 50-லும் ஓட்டினால் 140 கிலோமீட்டர். இரண்டு மணி நேரமும் 70-ல் ஓட்டினாலும் அதே 140தான். ஆனால் முதல் வகையில் காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாகச் செலவாகும். மெதுவாகப் போகும்போது மிச்சம் பிடிப்பது, வேகமாகப் போகும்போது விட்டதை ஈடுகட்டாது. பேட்டரியிலும் இதே கதை: கரண்ட் இரட்டிப்பானால் சூடாக வீணாவது நான்கு மடங்கு.

மேகத்துக்கு அடியில்தான் வேகத்தை இரண்டு மூன்று கிலோமீட்டர் கூட்டலாம், வெயிலில் அதே அளவு குறைக்கலாம். பேனலுக்குத் தீனி கிடைக்கும் இடத்தில் அதிக நேரம் இருக்க வேண்டும், இல்லாத இடத்தைச் சீக்கிரம் கடக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் கேட்டபோது எனக்கே தலைகீழாகத் தெரிந்தது.

ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை சுமார் 3,000 கிலோமீட்டர் ஓடும் போட்டியிலும் பெரிய அணிகள் இந்த ஒரே வேகத்தைத் தேடித்தான் கணக்குப் போடுகின்றன. 1987-ல் நடந்த முதல் போட்டியில் ஜெயித்த சன்ரேசர் காரின் சராசரி வேகம் மணிக்கு 66.9 கிலோமீட்டர். 2005-ல் நூனா 3 என்ற கார் அதை 102.75-க்குக் கொண்டுபோனது. அதன்பிறகு பேனல் பரப்பையே விதிமுறையில் குறைத்துவிட்டார்கள். அங்கே மாலை ஐந்து மணிக்கு வண்டியை நிறுத்தியதும் பேனலைச் சூரியன் பக்கம் சாய்த்து வைப்பார்கள். அந்தச் சாய்வெயில் மறுநாள் வேகத்துக்குப் பெரிய உதவி.

மேடு வேறு விஷயம். ஆளோடு 250 கிலோ இருக்கும் கார் 100 மீட்டர் உயரம் ஏற சுமார் 68 வாட் அவர் போகும். தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்தில் மோட்டாரை வைத்தே பிரேக் போட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பினாலும் அது முழுசாகத் திரும்பி வராது. அதனால் ஏற்றத்தில் கொஞ்சம் வேகம் குறையட்டும், இறக்கத்தில் பத்திரமான அளவுக்கு வண்டி தானாக ஓடட்டும்.

சரி, உங்கள் காருக்கு எந்த வேகம்? விடியற்காலை காற்று அசையாத நேரத்தில், சமமான சாலையில் 60-ல் மோட்டாரை அணைத்துவிட்டு, தானாக நிற்கும் வரை வேகம் எப்படிக் குறைகிறது என்று நொடிக்கு நொடி குறித்துக்கொள்ளுங்கள். எதிர்த் திசையிலும் ஒருமுறை. டயர் தின்பது எவ்வளவு, காற்று தின்பது எவ்வளவு என்று அந்த எண்களிலேயே பிரித்துவிடலாம். அதை அன்றைய வெயிலோடும் பேட்டரியோடும் சேர்த்து, கடைசிக் கோட்டில் பேட்டரி காலியாகிற மாதிரி வேகத்தை வையுங்கள்.