துப்பாக்கி உரிமைக்கு 18ஆம் நூற்றாண்டு அகராதி எதற்கு? என் அம்மா கேட்ட அதே கேள்வி

அமெரிக்கத் துப்பாக்கி வழக்குகளில் நீதிபதிகள் ஏன் பழைய அகராதியைப் புரட்டுகிறார்கள், இன்றைய அர்த்தத்தில் படித்துவிட்டுப் போனால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக ஏதோ வாட்ஸ்அப் குழுவில் சண்டை போட்டுவிட்டுத்தான் இங்கே வந்திருப்பீர்கள். நான் வக்கீல் இல்லை, ஓஹையோவில் கணினி வேலை பார்க்கிறவன். ஆனால் இதை என்னிடம் முதலில் கேட்டது என் அம்மா. அதனால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

2019இல் அம்மாவுக்குக் குடியுரிமை நேர்காணல். திருச்சிப் பக்கம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பரீட்சை என்றால் ராத்திரி தூங்க மாட்டார். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கும்: சட்டம் கேட்டால் அமெரிக்காவுக்காக 'பேர் ஆர்ம்ஸ்' (bear arms, ஆயுதம் ஏந்துதல்) செய்யத் தயாரா? "என்னடா, இந்த வயசுல நான் துப்பாக்கி தூக்கணுமா?" என்றார். "அது ராணுவத்துல சேர்றதும்மா, உன்னையெல்லாம் கூப்பிட மாட்டாங்க" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அப்போதைய 100 கேள்விப் பட்டியலை எடுத்தோம். 51ஆவது கேள்வி, அமெரிக்காவில் வாழும் எல்லோருக்கும் உள்ள உரிமைகளில் இரண்டைக் கேட்கிறது. விடைகளில் பேச்சுரிமை, வழிபாட்டு உரிமையோடு அதே 'பேர் ஆர்ம்ஸ்'! அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ராணுவத்துல சேர்றது எப்படிடா எல்லாருக்கும் உரிமையாகும்? முந்தாநேத்து வேற சொன்னியே?" எனக்கு வாயடைத்துவிட்டது. அன்று ராத்திரிதான் துப்பாக்கி உரிமை பற்றிய உச்ச நீதிமன்றத்தின் ஹெல்லர் தீர்ப்பைத் தேடிப் படித்தேன்.

அந்த உரிமையைத் தருகிற, 1791இல் நிறைவேறிய அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் ஒரே வாக்கியம். சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்கான குடிப்படை (குடிமக்களே சேர்ந்த படை) அவசியம் என்கிறது முன்பாதி. ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படக் கூடாது என்கிறது பின்பாதி. நான் 'ஏந்த' என்று எழுதிய இடத்தில்தான் வம்பு. தலைநகர் வாஷிங்டனில் 1976 முதல் இருந்த கைத்துப்பாக்கித் தடையை 2008இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று ரத்து செய்தது, அதுதான் ஹெல்லர் தீர்ப்பு. தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்கலியா, சாமுவேல் ஜான்சனின் அகராதி உட்படப் பழையவற்றைப் பிரித்து, 'பேர்' என்றால் சுமத்தல், 'ஆர்ம்ஸ்' என்றால் ஆயுதம், ஆகவே தனி மனிதருக்கும் பொருந்தும் என்றார். யாருக்கு 'எதிராக' என்று கூடவே வந்தால்தான் அது ஐயமில்லாமல் போரைக் குறிக்குமாம். மாறுபட்ட நீதிபதி ஸ்டீவன்ஸ், இரண்டு சொல்லும் சேர்ந்தால் படையில் பணியாற்றுவதைக் குறிக்கும் மரபுத்தொடர் என்றார்.

காலையில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ராமன் சீதையைக் கைப்பிடித்தான்னு படிச்சுட்டு, அகராதில கைக்கும் பிடிக்கும் தனித்தனியா அர்த்தம் பார்த்தா கல்யாணம் எங்கடா வரும்?" என்று கேட்டுவிட்டு இட்லி ஊற்றப் போய்விட்டார். ஸ்டீவன்ஸ் பக்கம் பக்கமாக எழுதியதன் சாரம் இதுதான்.

என் சாய்வும் அந்தப் பக்கம்தான். பின்னாளில் அதிபரான மேடிசன் 1789இல் கொடுத்த இந்தத் திருத்தத்தின் முதல் வரைவில், மத நம்பிக்கையால் 'ஆயுதம் ஏந்த' மறுப்பவரை ராணுவச் சேவைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. மான் வேட்டைக்குப் போகிறவனுக்கு அந்த விலக்கு தேவையே இல்லையே! பின்னாளில் மொழியியலாளர் டென்னிஸ் பேரன் 17, 18ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் இந்தத் தொடர் வரும் சுமார் 1,500 இடங்களைப் பார்த்தார். போர், படை, ஆயுதக் கூட்டம் என்று சம்பந்தப்படாதவை விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

உடனே 'வந்தேறிக்கு என்ன தெரியும்' என்று கிளம்பாதீர்கள். எதிர்த்தரப்பிலும் சரக்கு இருக்கிறது. பென்சில்வேனியாவின் 1776 அரசியல் சட்டம் 'தங்களையும் மாநிலத்தையும் காக்க' ஆயுதம் ஏந்தலாம் என்றது. அந்தத் 'தங்களையும்' என்பதை என்னால் தள்ள முடியவில்லை. இன்றைய அர்த்தத்தில் படித்தால், யாரும் திருத்தாமலே சட்டம் தானாக மாறிவிடும் என்ற பயமும் நியாயமான பயம்தான். என் பக்கத்து வீட்டுக்காரரிடம் நான்கு துப்பாக்கி இருக்கிறது. பனிக்காலத்தில் என் வாசலையும் சேர்த்துச் சுத்தம் செய்கிறவர் அவர்தான்.

51ஆவது கேள்வியில் வந்த அந்த 'எல்லோருக்கும்' என்ற சொல்லும் லேசுப்பட்டதல்ல. ஹெச்1பி மாதிரி தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது இங்கே மத்திய சட்டம். ஒன்பது வருடம் நான் அந்த 'எல்லோரிலும்' சேர்த்தி இல்லை.

சொல் என்றதும் இன்னொன்று. அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், தாத்தா பெயர் வெறும் முன்னெழுத்து. அதனால் விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ', அதாவது முதற்பெயர் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் "ஃப்னூ" என்று கூப்பிட்டார்கள்! அதைச் சரிசெய்ய ஒரு வக்கீல் அலுவலகத்துக்குக் காசு கொடுத்தோம், அவர்கள் தாத்தா பெயரையே அம்மாவின் பெயராக்கி அனுப்பினார்கள். 230 வருடத்துக்கு முந்தைய சொல்லுக்கு இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், உயிரோடிருக்கும் பொம்பளையின் பெயருக்கு ஒருத்தரும் இல்லை. சரி, விடுங்கள்.

2022இல் உச்ச நீதிமன்றத்தின் ப்ரூவன் தீர்ப்பு, துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் இந்நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆகவே பழைய ஏடுகளைப் புரட்டுவது இனி கூடுமே தவிரக் குறையாது.

நேர்காணலில் அதிகாரி கேட்ட முதல் ஆறு கேள்விக்கும் அம்மா சரியாகச் சொன்னார். அப்போது ஆறு சரியானால் போதும், நிறுத்திவிட்டார்கள். 51ஆவது வரவே இல்லை. அதுக்குன்னு தனியாப் படிச்சேனே என்று வீடு வரும்வரை புலம்பிக்கொண்டே வந்தார்.