சுட்ட பறவையை எடுத்து வரும் நாய்கள்: கேள்வி பதில்

நுவரெலியாவில் தாத்தா காலத்திலிருந்து லெப்ரடோர் வளர்க்கிற வீடு எங்களுடையது. பங்களா நாய்களைப் பார்த்துக்கொண்ட தாத்தாவிடம் அப்பா பழகினார், அப்பாவிடம் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பண்டாரவளை: அண்ணே, ஒரே குடும்பம் நூறு வருடத்துக்கு மேல் ஒரே நாய்ப் பரம்பரையைக் காப்பாற்ற முடியுமா?

ஸ்கொட்லாந்தின் பக்ளூ பிரபு குடும்பத்தைப் பாருங்கள், தம்பி. 1830களில் தொடங்கினார்கள். இப்போது கனடாவில் இருக்கிற நியூஃபவுண்ட்லாந்து தீவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய நாய்களின் வழி அது. இடையில் பரம்பரை அற்றுப்போகிற நிலை. தெற்கு இங்கிலாந்தில் மாம்ஸ்பரி பிரபு அதே இரத்தத்தைத் தனியாகக் காத்து வந்திருந்தார். 1880களில் அவர் கொடுத்த நெட், ஏவன் என்ற இரண்டு கடுவன்களால்தான் மறுபடி தழைத்தது. லெப்ரடோரைத் தனி இனமாக இங்கிலாந்தின் நாய் வளர்ப்போர் சங்கத்தில் (கெனல் கிளப்) பதிந்தது 1903இல். அதுவரை வேலையை வைத்தே இனம் பார்த்தார்கள். இங்கே என்னவென்றால், குட்டியைப் பார்க்கும் முன்பே சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

ஹட்டன்: கடிக்காமல் தூக்கி வரும் மென்மையான வாயை எப்படிக் கண்டுபிடிப்பது?

சின்னக் குட்டியிடம் தெரியாது, தாயைச் சோதியுங்கள். செத்த புறா ஒன்றை எடுத்து வரச் சொல்லி, வாங்கியதும் அதன் விலாவை இரு பக்கமும் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அழுத்துங்கள். எலும்புக்கூடு உருண்டையாக நின்றால் சரி. நொறுங்கி உள்ளே அமுங்கினால் கடித்திருக்கிறது. அந்தத் தாயின் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அப்புறம், பழந்துணியைக் குட்டியின் வாயில் கொடுத்து இழுத்து விளையாடாதீர்கள். வாய் கெட்டுப்போவது அங்கேதான். வீட்டுப் பிள்ளைகள் முதலில் செய்வதும் அதைத்தான்!

தலவாக்கலை: வேட்டையே கூடாது என்கிறபோது இந்த நாய் எதற்கு?

மரையையும் காட்டுக்கோழியையும் தொடவே கூடாது, சட்டம் இருக்கிறது. துணி சுற்றிய கட்டையைத் தேயிலைக்குள் ஒளித்து வையுங்கள், சலிக்காமல் தேடும். வேலை கொடுக்காவிட்டால் தின்று கொழுக்கும், செருப்பைக் கடிக்கும்.

கொத்மலை: தாயும் தகப்பனும் கறுப்பு, ஒரு குட்டி மட்டும் மஞ்சள். ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை தங்கச்சி. இரண்டிலும் மஞ்சள் மறைந்திருந்தால் அப்படிப் பிறக்கும். இரண்டு மஞ்சளுக்குக் கறுப்பு பிறந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மஸ்கெலியா: ஓடையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்த நாய்க்கு மூக்கில் இரத்தம் வடிகிறது.

அநேகமாக அட்டை. கொஞ்ச நேரம் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்து, பிறகு ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீரை மூக்குக்குக் கீழே பிடியுங்கள். அட்டை ஈரத்துக்குத் தலை நீட்டும்போது இடுக்கியால் பிடித்துவிடலாம். மூக்குக்குள் உப்புத்தூள் போடாதீர்கள். இரண்டு தடவை முயன்றும் வரவில்லையென்றால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.