தப்பு மேளத்துக்கு விலை பேசப் பழகும் மூன்று நாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

சனிக்கிழமை ஹட்டனில் என் மேசைக்கு முன்னால் நீங்கள் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் அந்த அறிவித்தல் தாளை எத்தனை தடவை மடித்து விரித்தீர்களோ, மடிப்பில் எழுத்தே அழிந்துவிட்டது. வெளியே ஆட்கள் காத்திருந்ததால் நானும் அவசர அவசரமாக இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகும் மனது கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு தாய் தகப்பன்மாரும் வருகிறார்கள் என்பதால், உங்கள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் விட்டுவிட்டு அவர்களுக்கும் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன். கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. கண்டியில் இசை விழாவோடு சேர்த்து நடத்துகிற இந்த மூன்று நாள் செயலமர்வுக்கு ஐயாயிரம் கட்டி, தப்புக் குழுவில் அடிக்கிற மகனை அனுப்பினால், அந்தச் சான்றிதழுக்கு வேலை கிடைக்குமா? இது முதல் கேள்வி. இரண்டாவதை எழுந்து கதவு வரை போய்த் திரும்பி நின்று கேட்டீர்கள்: "தப்படிக்கவா இவனை உயர்தரம் வரைக்கும் படிக்க வைத்தேன்?"

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. கிடைக்காது. அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தச் சான்றிதழை யாரும் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சங்கீத ஆசிரியர் வேலைக்கு வழி வேறு. உயர்தரத்தில் சங்கீதம் எடுத்து, செயன்முறைத் தேர்விலும் தேறி, மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பக்கமோ, மட்டக்களப்புக் கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ போக வேண்டும். இல்லையென்றால் பத்தனை ஸ்ரீபாத போன்ற தேசிய கல்வியியல் கல்லூரி. மகன் சங்கீதத்தை ஒரு பாடமாகவே எடுக்கவில்லை. மூன்று எஸ் (சாதாரண சித்தி) பெறுபேற்றை வைத்துக்கொண்டு அந்தக் கதவுகளைத் தட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதைச் சொல்லி அவன் மனதையும் உங்கள் மனதையும் அலையவிட மாட்டேன்.

இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

உங்கள் அப்பா பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆட்களைக் காலையில் வேலைக்குக் கூட்டுவதற்கு, தப்பு என்கிற பறையை அடித்தவர் என்று சொன்னீர்கள். விடியுமுன்னே, பனியில், லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்களை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு வரவைத்த தப்பு. அதே தப்பு சாவு வீட்டிலும் அடித்தது, மாசியில் காமன் கூத்திலும் அடித்தது. காமன் கூத்தில் ரதியும் மன்மதனும் ஆடுகிற ஒவ்வொரு அடியும் அந்தத் தாளத்தில்தான் நிற்கிறது. இருந்தும் கூத்து முடிந்ததும் அவருக்கு என்ன கிடைத்தது? கொஞ்சம் சாராயம், வேட்டி ஒன்று, கையில் திணித்த சில்லறை. எவ்வளவு என்று அவர் கேட்டதும் இல்லை, கேட்கவும் முடியாது. அதைப் பார்த்து வளர்ந்த நீங்கள், மகன் அந்தக் குச்சியைத் தொடக் கூடாது என்று நினைப்பதை நான் எப்படிப் பிழை என்பேன்? படித்தவர்கள் மேடையில் ஏறி "பறை நமது பெருமை" என்று பேசிவிட்டு இறங்கிப் போய்விடுகிறார்கள். சாவு வீட்டு வாசலில் நின்று அடித்தவனின் பிள்ளைக்குத்தான் அதன் கனம் தெரியும்.

ஆனால் அண்ணே, அந்த அறிவித்தலின் பின்பக்கத்தை வாசித்தீர்களா? தாளம் சொல்லிக் கொடுப்பதாக அதில் ஒரு வரிகூட இல்லை. இரண்டாம் நாள் காலையில் "கட்டணம், ஒப்பந்தம், உரிமை" என்று போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு யாரும் சொல்லித் தராத பாடம் அதுதான். என் அபிப்பிராயத்தில் அந்த ஒரு காலை வேளைக்கே ஐயாயிரம் கொடுக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மகன் சொன்னதை வைத்தே போடுகிறேன். ஆறு பேர் கொண்ட குழு, ஒரு ஹோட்டலில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு முன்னால் ஒரு மணி நேரம் அடிக்க 60,000 ரூபாய் பேசினார்கள். பெரிய தொகை மாதிரித் தெரிகிறது. வேனுக்கு 20,000. ஆறு பேருக்கும் சாப்பாடு, தேநீர் 6,000. கிழிந்த தோல் மாற்ற 4,000. மிச்சம் 30,000, ஆளுக்கு 5,000. ஒத்திகை இரண்டு நாள், போய் வர ஒரு நாள். மூன்று நாளால் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,667 ரூபாய். தோட்டத்தில் ஒரு பேர் போட்டால், அதாவது ஒரு நாள் வேலை செய்தால், வருவதும் இந்தச் சுற்றில்தான் நிற்கும், இதற்காகவா கை வீங்க அடிப்பது? மகனிடம் இதை எழுதிக் காட்டியபோது அவன் முகம் விழுந்துவிட்டது. "வேன் காசைத் தனியாகக் கேட்கலாமா மிஸ்?" என்றான். கேட்கலாம். முற்பணம் கேட்கலாம். மழை வந்து நிகழ்ச்சி நின்றால் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். இதையெல்லாம் ஒருவன் வாய்விட்டுக் கேட்கப் பழக, நாலு பேருக்கு முன்னால் நடித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும். நல்ல செயலமர்வு என்றால் வளவாளர், அதாவது பாடம் நடத்துகிறவர், ஹோட்டல் மனேஜராக உட்கார்ந்து பேரம் பேசுவார், பிள்ளைகள் திணறுவார்கள், மறுபடி பேசுவார்கள்.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அங்கே விரிவாகச் சொல்லுவார்கள். நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் வாழ்நாள் முழுக்கவும், இறந்த பிறகு 70 ஆண்டும் உரிமை. எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை, உருவாக்கிய நேரத்திலேயே வந்துவிடும். மேடையில் வாசிக்கிறவருக்கும் தனி உரிமை உண்டு. உங்கள் மகன் குழு திருவிழாவில் அடித்ததை யாரோ வீடியோக்காரர் எடுத்துத் தன் யூடியூப் சேனலில் போட்டிருக்கிறாராம். இவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவன் என்னடாவென்றால் அதைப் பெருமையாக எனக்குத் திறந்து காட்டுகிறான்! சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. அடுத்த முறை கேட்டு எடுக்க வேண்டும் என்று சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். யூடியூப்பில் காசு பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், விளம்பர வருமானத்துக்கே ஆயிரம் சந்தாதாரரும் ஒரு வருடத்தில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் வழக்கமாகக் கேட்பார்கள் என்று நினைவு வைக்கட்டும்.

இப்படி விழாவோடு பாடம் சேர்ப்பது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை. சென்னையில் மியூசிக் அகாடமியில் மார்கழிக் கச்சேரிகள் மாலையில் என்றால், காலையில் வித்துவான்கள் உட்கார்ந்து செயல்முறை விளக்கம் செய்வார்கள். ஐரோப்பாவில் 1994 முதல் நடக்கும் வோமெக்ஸ் என்ற உலக இசைச் சந்தையில் இரவில் மேடை, பகலில் பேச்சுவார்த்தை. விழா நடத்துகிறவர்கள் அங்கே வந்து குழுக்களைப் பார்த்து அழைத்துப் போவார்கள். நம் பக்கத்திலும் 2011-ல் யாழ்ப்பாணத்தில் நடந்த இசை விழாவில் நாட்டார் கலைக்குழுக்களும் வெளிநாட்டுக் கலைஞர்களும் ஒரே விழாவில் மேடை ஏறினார்கள். காமன் கூத்துத் தப்பை ஒரு வெளிநாட்டு விழாக்காரர் முதல் தடவை கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து நாம் மயங்கிவிட்டால் திரும்பவும் வேட்டியும் சில்லறையும்தான்.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடத்துக்கு முன் நன்றாகப் பாடுகிற ஒரு பிள்ளையை இதே மாதிரி ஒரு செயலமர்வுக்கு நான்தான் பேசி அனுப்பினேன். ஒரு கோப்பு, ஒரு டீ-சேர்ட், ஒரு சான்றிதழோடு வந்தாள். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்ததாம். மூன்று நாளும் பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். மொழிபெயர்ப்பு உண்டா என்று நான் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இப்போது அந்தப் பிள்ளை நகரத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள், என்னைக் கண்டால் சிரிப்பாள், எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

அதனால் உங்கள் மகன் விஷயத்தில் திங்கட்கிழமையே அவர்களை அழைத்துப் பேசினேன். சிங்களமும் ஆங்கிலமும் கலந்து நடக்குமாம், தமிழ் தெரிந்த ஓர் உதவியாளர் இருப்பாராம். மகனுக்குக் கடைவீதிச் சிங்களம் நன்றாக வரும், அது போதும். தங்குமிடம், இரண்டு வேளை சாப்பாடு கட்டணத்துக்குள். தோட்டப்பக்கப் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணச் சலுகை ஏதும் உண்டா என்று கேட்டேன், ஒரு கடிதம் அனுப்பச் சொன்னார்கள். கடிதத்தை நான் எழுதுகிறேன். நீங்கள் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டாம், சீட்டுக் காசையும் தொட வேண்டாம். சலுகை கிடைக்காவிட்டால் மறுபடி உட்கார்ந்து பேசுவோம்.

இனி மகனுக்கு. இந்த இடத்தை அவனிடம் வாசித்துக் காட்டுங்கள்.

தம்பி, வெறுங்கையோடு போகாதே. ஒரு தாள் தயார் பண்ண வேண்டும். உன் குழுவுக்கு மேடையில் என்ன வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதுவது. எத்தனை பேர், யார் எங்கே நிற்பது, எத்தனை மைக், ஆட எவ்வளவு இடம். இதையெல்லாம் எந்தக் குழுவும் எழுதும். உன் தாளில் வேறு எவர் தாளிலும் இல்லாத ஒரு வரி வர வேண்டும்: நெருப்பு. தோலைக் காய்ச்சாமல் தப்பு பேசாது என்று உனக்குத் தெரியும், கொழும்பிலிருந்து வருகிற சவுண்ட்காரருக்குத் தெரியாது. கண்டியில் வெயில் அடித்தால் ஒரு தடவை காய்ச்சியது கொஞ்ச நேரம் நிற்கும். நுவரெலியாவில் 1,868 மீற்றர் உயரத்தில், நாலு மணிக்குப் பனி இறங்கியதும், பத்து நிமிடத்தில் தோல் தளர்ந்து "தொப் தொப்" என்று ஈரச்சாக்கை அடிப்பது போல் கேட்கும். மேடைக்குப் பின்னால் விறகு மூட்ட இடம் தருவார்களா, ஹோட்டல் என்றால் மின்னடுப்பாவது தருவார்களா, நிகழ்ச்சிக்கு எத்தனை நிமிடம் முன்னால் காய்ச்ச விடுவார்கள் என்று எழுது. நீ சொல்லாவிட்டால் மழைக்குப் பயந்து உங்களை ஏசி அறையில் உட்கார வைப்பார்கள், அதோடு கதை முடிந்தது.

மைக் விஷயம். அடிக்குச்சி விழும் பக்கத்தில் மைக்கை ஒட்டி வைத்தால் சத்தம் பிளந்துவிடும். எவ்வளவு தள்ளி வைத்தால் அடிக்குச்சியின் கனமும் மெல்லிய சிம்புக்குச்சியின் சிலிர்ப்பும் இரண்டும் விழுகிறது என்று முதல் நாள் சவுண்ட் செக்கில் நின்று கேள். அந்த சவுண்ட்காரரோடு சினேகமாகு. வளவாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், அவர் நாளைக்கும் கண்டியில்தான் இருப்பார், அடுத்த நிகழ்ச்சிக்கு ஆள் தேடும்போது உன் நம்பரைத்தான் தட்டுவார்.

காதுக்கு இயர்பிளக் வை, சிரிக்காதே. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம்தான் காது தாங்கும் என்று கணக்கு. மூன்று டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும், 100-க்குப் போனால் கால் மணி நேரம். ஆறு தப்புக்கு நடுவில் நிற்கிறவன் நீ. சரி, வீடியோ. உங்கள் குழு அடிப்பதை மூன்று நிமிடம், லயத்து முற்றத்திலேயே, பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போனில் வைத்துக்கொள். யாராவது "என்ன வாசிக்கிறாய்?" என்று கேட்டால் பேசிக்கொண்டிருக்காமல் போனை நீட்டு.

திரும்ப உங்களிடம் வருகிறேன், அண்ணே. இதை மட்டும் நம்பி அவனை விடச் சொல்ல மாட்டேன். திருவிழாக் காலம் தவிர மற்ற மாதங்களில் குழுவுக்கு வேலை மெலியும். அதனால் தொழிற்பயிற்சி அதிகார சபையில் மின்னிணைப்பாளர் பயிற்சிக்கும் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். தேசிய தொழில் தகைமை மூன்றாம், நாலாம் மட்டச் சான்றிதழைத்தான் வேலை தருகிறவர்கள் புரட்டிப் பார்ப்பார்கள். மேடைக்கு லைட் போடவும் அது உதவும். நிகழ்ச்சி இல்லாத நாளில் வீட்டுக்கு வயர் இழுக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற பிள்ளைகள் தாக்குப் பிடிப்பதை இந்த மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அக்கம்பக்கத்தில் பேசுவார்களே என்றீர்கள். பேசுவார்கள். அவன் முற்பணம் வாங்கிக்கொண்டு வந்து உங்கள் கையில் கொடுக்கிற அன்றும் வேறு ஏதாவது பேசத்தான் செய்வார்கள்.

வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன்னால் வாருங்கள், கூட்டம் இருக்காது. மகனையும் கூட்டி வாருங்கள். தப்பையும் எடுத்து வரச் சொல்லுங்கள், துணி சுற்றாமல். விட்டம் எவ்வளவு, எடை எவ்வளவு, காய்ச்சி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று அளந்து அந்தத் தாளில் எழுத வேண்டும். அலுவலகத்துக்குப் பின்னால் காய்ந்த விறகு கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.