கேளுங்கள்: துப்பாக்கிப் பட்டறை
(பதில் சொல்பவர் ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர், நந்தம்பாக்கத்தில் வசிக்கிறார்.)

முதல் உலகப் போரில் ஷாட்கன்னை எதிர்த்து ஜெர்மனி சண்டை பிடித்ததாமே?
- வாசகர், பெரம்பூர்

பிடித்தது. ஒரே சூட்டில் பல குண்டுகளைச் சிதறடிக்கும் துப்பாக்கிதான் ஷாட்கன். 1918 செப்டம்பரில் அமெரிக்காவுக்கு முறைப்படி கண்டனமே அனுப்பியது. தேவையற்ற வேதனை தரும் ஆயுதங்கள் கூடாது என்ற 1907 ஹேக் சர்வதேசப் போர் விதியை மீறுகிறீர்கள், ஷாட்கன்னோடு பிடிபடுகிறவன் உயிரோடு திரும்பமாட்டான் என்று மிரட்டல் வேறு. 1915-லேயே குளோரின் வாயுவைத் திறந்துவிட்டவர்கள் பேசிய நியாயம் இது! எங்கள் ஆளைத் தொட்டால் பதிலடி உண்டு என்று அமெரிக்கா சொல்லிவிட்டது. நவம்பரில் போரே முடிந்தது. தடை வரவில்லை.

அந்தத் துப்பாக்கி வின்செஸ்டர் 1897. குழலை 20 அங்குலமாகக் குறைத்து, முனையில் பயனெட் என்ற குத்துக்கத்தியை மாட்டினார்கள். ஒரு தோட்டாவில் ஒன்பது ஈயக் குண்டுகள். பதுங்குகுழி வளைவில் எதிரி பத்தடியில் நின்றால் அதற்கு ஈடில்லை; நூறு கஜத்துக்கு அப்பால் வெறும் சத்தம்தான். காகித உறைத் தோட்டாக்கள் சேற்றில் ஊறி உப்பிக்கொண்டன. அப்புறம் பித்தளை உறை கொடுத்தார்கள்.

ஸ்டென் கன் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் என்கிறார்களே?
- கல்லூரி மாணவி, மயிலாப்பூர்

பெரும்பாலும் கோளாறு மேகசினில், அதாவது தோட்டாப் பெட்டியில்தான். 1940-இல் பிரான்சின் டன்கர்க்கிலிருந்து பின்வாங்கியபோது ஆயுதங்களைப் போட்டுவிட்டு வந்த பிரிட்டனுக்கு, அமெரிக்க தாம்சன் சப்-மெஷின் கன் (பிஸ்டல் தோட்டாவைச் சரமாரியாகச் சுடும் கைத்துப்பாக்கி வகை) விலை கட்டுப்படியாகவில்லை. அதனால் 1941-இல் தகட்டை அழுத்தி, பற்றவைத்து, அவசரமாகச் செய்ததுதான் ஸ்டென். மொத்தம் சுமார் 40 லட்சம். மேகசினில் இரண்டு வரிசையாக ஏறும் தோட்டாக்கள் வாயருகே ஒரே வரிசையாக நெருக்கியடிக்க வேண்டும். வாய்த்தகடு லேசாக நசுங்கினாலும் போச்சு. 32 கொள்ளும், விவரமான சிப்பாய் 30-க்கு மேல் போடமாட்டான். சினிமாவில் பக்கவாட்டு மேகசினையே பிடித்துச் சுடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்! மேகசின் ஆடினால் தோட்டா ஏறாது. குழல் உறையைப் பிடிக்க வேண்டும்.

அடுத்து வந்த ஸ்டெர்லிங்கில் மேகசினை வளைத்து, தோட்டாவைத் தள்ளும் தட்டில் உருளைகள் வைத்தார்கள். தொல்லை பெரிதும் குறைந்தது. கான்பூரில் நம் ராணுவத்துக்குச் செய்த 1ஏ1 கார்பைனும் அந்த வம்சம்தான். என் மேசைக்கு வந்ததில் பாதிக்கு மேல் தூசி துடைத்தாலே சரியாகிவிடும்.

முதல் சப்-மெஷின் கன் எது?
- வாசகர், தாம்பரம்

1918-இன் ஜெர்மன் எம்.பி.18 என்று சொல்லுங்கள், சண்டை குறைவு. இத்தாலியின் இரட்டைக்குழல் வில்லார் பெரோசா 1915-லேயே பிஸ்டல் தோட்டாவைச் சரமாரியாகச் சுட்டது. ஆனால் அதைத் தாங்கியில் வைத்து இயந்திரத் துப்பாக்கி போலத்தான் முதலில் பயன்படுத்தினார்கள்.