வெயிலில் தெரியாத திரை எதற்கு?

கேள்வி: மலைப்பாதைகளில் இரண்டு மூன்று நாள் தங்கி நடப்பது வழக்கம். கையடக்க ஜிபிஎஸ் வாங்க நினைக்கிறேன். ஒன்று பெரிய தொடுதிரை, உள்ளேயே பொருத்திய பேட்டரி. மற்றொன்று சின்னத் திரை, பொத்தான்கள், இரண்டு ஏஏ பேட்டரி. முதலாவதுதான் துல்லியமானது என்கிறார் விற்பனையாளர். செல்போனே போதும் என்கிறார் நண்பர். எதை நம்புவது?

பதில்: நண்பர் சொல்வதில் பாதி உண்மை. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால், டவரே இல்லாத காட்டிலும் செல்போன் இடத்தைக் காட்டும். ஒரே நாளில் திரும்பும் நடைக்குத் தனிக் கருவி வீண் செலவு. ஆனால் மழையில், கையுறை போட்ட கையோடு, மூன்றாம் நாள் மாலையில் போனை நம்ப நான் தயாரில்லை.

விற்பனையாளரின் துல்லியக் கணக்குக்கு வருவோம். திறந்தவெளியில் இரண்டு கருவிகளும் சில மீட்டருக்குள் காட்டிவிடும். வித்தியாசம் தெரிவது அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் பாறைச் சுவர் ஓரத்திலும்தான். அங்கே செயற்கைக்கோள் சிக்னல் பாறையில் மோதித் திரும்பிவந்து கருவியை ஏமாற்றும். எல்1, எல்5 என இரண்டு அலைவரிசைகளையும் வாங்கும் கருவி இதை ஓரளவு சமாளிக்கும். கிளோனாஸ், கலிலியோ என்று ரஷ்ய, ஐரோப்பிய செயற்கைக்கோள் அமைப்புகளின் பெயர்களைப் பெட்டியில் வரிசையாக அச்சிட்டிருப்பது வேறு சங்கதி. அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

நான் முதலில் பார்ப்பது திரையை. கருவியைக் கடைக்கு வெளியே கொண்டுபோய், பின்விளக்கை அணைத்துவிட்டு, உச்சி வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் படப்படத் தெளிவாகும் திரைதான் நமக்கு வேண்டியது. விளக்கு இல்லாமல் படிக்க முடியாத திரை பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். விளம்பரத்தில் உள்ள மணிக்கணக்கு, விளக்கைக் குறைத்து வைத்துச் சொன்னது.

பல நாள் நடைக்கு என் ஓட்டு பொத்தான் கருவிக்கே. தீர்ந்தால் பையிலிருந்து இன்னொரு ஜோடியை எடுத்துப் போட்டால் போதும். கடுங்குளிரில் அல்கலைன் சீக்கிரம் சோர்ந்துவிடும். லித்தியம் ஏஏ தாங்கும். அடுத்தது திசை. கருவியைக் கையில் பிடித்தபடி நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்புங்கள், திரையில் உள்ள அம்பும் திரும்புகிறதா? திரும்பாவிட்டால் உள்ளே காந்தத் திசைகாட்டி இல்லை. நடந்தால்தான் திசை தெரியும். ஐபிஎக்ஸ்7 என்ற நீர்காப்புக் குறியீடு இருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். மழைக்கு அது போதும்.

வாங்கியதும் ஒரு சோதனை. அடையாளம் தெரிந்த ஓர் இடத்தைக் கருவியில் குறித்துக்கொண்டு, மரங்கள் நிறைந்த பாதையில் போய், அதே வழியில் திரும்புங்கள். போன கோடும் வந்த கோடும் எவ்வளவு விலகியிருக்கின்றன, பழைய இடத்தில் நிற்கும்போது இன்னும் எத்தனை மீட்டர் என்கிறது என்று பாருங்கள். இடையில் பத்து நிமிடம் உட்காருங்கள். சில கருவிகள் அந்த நேரத்தில் நூல் சிக்கலைப் போலக் கிறுக்கி, நடக்காத தூரத்தையும் கணக்கில் சேர்த்துவிடும். இதையெல்லாம் மறுநாள் ஒருமுறை, வேறு நேரத்தில் செய்து பாருங்கள். அதுவரை ரசீதையும் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள்.