இரண்டு கார்டு மாட்டினால் இரண்டு மடங்கு வேகமா?

கேள்வி: என் கம்ப்யூட்டரில் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. புதிய கேம்களுக்கு வேகம் போதவில்லை. அதே கார்டு ஒன்று செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது, மதர்போர்டிலும் இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறது. வாங்கி மாட்டலாமா?

பதில்: வேண்டாம், அந்தப் பணத்தை அப்படியே வைத்திருங்கள். 3060-இல் இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஓட்டும் வசதியே கிடையாது. அந்த வரிசையில் 3090, 3090 டிஐ இரண்டுக்கு மட்டும்தான் கார்டைத் தயாரிக்கும் என்விடியா இணைப்பு கொடுத்தது, 2022-இல் 4090 வந்தபோது அதிலும் எடுத்துவிட்டது. ஸ்லாட்டில் இரண்டாவது கார்டு உட்காரும், விண்டோஸும் அதை அடையாளம் காட்டும், ஆனால் நீங்கள் விளையாடும் கேம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இப்போதுள்ள கார்டை விற்று, இந்தப் பணத்தையும் சேர்த்து, ஒரே ஒரு பெரிய கார்டாக வாங்குங்கள்.

கேள்வி: ஒரு காலத்தில் இரண்டு, மூன்று கார்டு போட்டுத்தானே பெரிய கேமிங் கம்ப்யூட்டர்களைக் கட்டினார்கள்? நல்ல தொழில்நுட்பத்தை ஏன் கைவிட்டார்கள்?

பதில்: நல்ல கேள்வி. இதன் காரணம் தெரிந்தால் யார் வந்து ஆசை காட்டினாலும் ஏமாற மாட்டீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1998-இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ 2 கார்டுகள் இரண்டை இணைத்தால், திரையின் ஒரு வரியை ஒன்றும் அடுத்த வரியை மற்றொன்றும் வரையும். கார்டுகளை இப்படி இணைத்து ஓட்டும் முறைக்கு வைத்த பெயர் எஸ்எல்ஐ, இதுதான் முதலாவது. அந்தப் பெயரை என்விடியா 2004-இல் மறுபடி கொண்டுவந்தது, மறு வருடமே போட்டி நிறுவனமான ஏடிஐ, கிராஸ்ஃபயர் என்ற இதே மாதிரி முறையோடு வந்தது. ஆனால் இவற்றில் பெரும்பாலும் நடந்தது வேறு வேலை: முதல் ஃபிரேமை (திரையில் வரும் ஒரு முழுப் படத்தை) ஒரு கார்டு, அடுத்த ஃபிரேமை இன்னொரு கார்டு, இப்படி மாற்றி மாற்றி.

கேட்க அருமையாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் இரண்டு. முதலாவது, ஃபிரேம்கள் சீராக வராது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றும் சுமார் 16.7 மில்லிநொடி இடைவெளியில் வர வேண்டும். ஒன்று 8 மில்லிநொடியிலும் அடுத்தது 25 மில்லிநொடியிலும் வந்தாலும் சராசரி அதே 60 தான், ஆனால் கண்ணுக்கு அது திக்கித் திணறித்தான் தெரியும். மைக்ரோ ஸ்டட்டர் என்று எல்லோரும் திட்டித் தீர்த்தது இதைத்தான். மீட்டரில் எண் ஏறும், விளையாடும் சுகம் ஏறாது.

இரண்டாவதுதான் உண்மையில் கதையை முடித்தது. இன்றைய கேம்கள் ஒரு ஃபிரேமை வரையும்போது முந்தைய ஃபிரேமில் இருந்த தகவலை எடுத்துப் பயன்படுத்துகின்றன. படத்தின் விளிம்புகளை மென்மையாக்கும் டிஏஏ, சிறிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், புதிய எஃப்எஸ்ஆர் எல்லாம் அப்படித்தான். முந்தைய ஃபிரேம் மற்ற கார்டின் மெமரியில் இருந்தால், அது முடிந்து இங்கே நகலாகி வரும்வரை இந்தக் கார்டு சும்மா காத்திருக்க வேண்டும். அப்புறம் மாற்றி மாற்றி வரைவதில் என்ன லாபம்?

இத்தோடு, ஒவ்வொரு கேமுக்கும் தனியாக, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில், வேலையை எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் புரொஃபைல் எழுத வேண்டியிருந்தது. 2021 ஜனவரியிலிருந்து பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்எல்ஐ புரொஃபைல் சேர்ப்பதை என்விடியா நிறுத்திவிட்டது. கேம்கள் கார்டோடு பேசப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் 12 அந்தப் பொறுப்பைக் கேம் எழுதுபவர்களிடமே கொடுத்தது. ஆஷஸ் ஆஃப் தி சிங்குலாரிட்டி என்ற கேம் ஒரு என்விடியா கார்டையும் ஒரு ஏஎம்டி கார்டையும் சேர்த்தே ஓட்டிக் காட்டியது, அது உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் இரண்டு கார்டு வைத்திருக்கும் சிலருக்காக மாதக்கணக்கில் உழைக்க எத்தனை நிறுவனம் முன்வரும்? விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வந்தார்கள்.

கேள்வி: 12 ஜிபி கார்டு இரண்டு போட்டால் 24 ஜிபி மெமரி ஆகாதா?

பதில்: ஃபிரேமை மாற்றி மாற்றி வரையும் முறையில் ஆகாது. இரண்டு கார்டும் ஒரே காட்சியைத்தான் வரைகின்றன, அதனால் ஒரே டெக்ஸ்சர்களை (பொருட்களின் பரப்பில் ஒட்டும் படங்களை) இரண்டிலும் ஏற்றியாக வேண்டும். கேமுக்குக் கிடைப்பது 12 தான்.

கேள்வி: நான் பிளெண்டரில் அனிமேஷனும் செய்கிறேன். அதற்கும் இரண்டு கார்டு வீண்தானா?

பதில்: இல்லை, அங்கே கதையே வேறு. பிளெண்டரின் சைக்கிள்ஸ் என்ற பகுதியில், காட்சியை இறுதிப் படமாக மாற்றும் ரெண்டர் வேலையைப் பல கார்டுகள் பிரித்துக்கொள்ளும், இணைப்புப் பாலம்கூடத் தேவையில்லை, நேரம் நன்றாகவே குறையும். சாட்பாட் மாதிரியான ஏஐ மொழி மாடல்களை வீட்டிலேயே ஓட்டுபவர்களும் மாடலை இரண்டு கார்டுகளில் பிரித்து ஏற்றுகிறார்கள், அவர்களுக்கு மெமரி உண்மையிலேயே கூடுகிறது. உங்கள் நாளில் பாதிக்கு மேல் ரெண்டரில் போகிறது என்றால் தாராளமாக யோசியுங்கள். ஆனால் சாதாரண பிராசஸர்கள் கிராபிக்ஸுக்கு 16 லேன்தான் (கார்டுக்கும் பிராசஸருக்கும் இடையே தகவல் போகும் பாதைகள்) தருகின்றன, சில மதர்போர்டுகள் அதை 8, 8 ஆகப் பிரிக்கும், பலவற்றில் இரண்டாவது ஸ்லாட் 4 லேனில்தான் ஓடும். மேனுவலைப் பார்க்காமல் வாங்காதீர்கள். மேலே இருக்கும் கார்டு, கீழே இருப்பதன் சூட்டையும் சேர்த்து வாங்கும், கேஸில் காற்றோட்டம் முக்கியம்.

கேள்வி: சரி, ஒரே கார்டுதான் என்று முடிவு செய்துவிட்டேன். வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் குற்றவாளி கார்டுதானா என்று பாருங்கள். வேகம் போதாத கேமைத் திறந்து, ரெசல்யூஷனை நன்றாகக் குறைத்துவிட்டு விளையாடுங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் கார்டு மாற்றுவதில் பலன் உண்டு. ஏறவே இல்லை என்றால் பெரும்பாலும் பிராசஸர்தான் இழுக்கிறது, எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அது அப்படியேதான் இருக்கும். அதன் பிறகு கேஸுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது, பவர் சப்ளை எத்தனை வாட், புதிய கார்டு கேட்கும் கனெக்டர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 4090 மாதிரி ஒன்று தனியாகவே 450 வாட் கேட்கும்.